பாராளுமன்றத்தில் பேர் பதிகிற நாள்

(யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராத்திரி முழுக்க பஸ்ஸில் குந்திக்கொண்டு வந்திருக்கிறீர்கள். விடியக்காலையில் கீரிமலைக் கேணியில் முழுகி, நகுலேஸ்வரத்தில் கும்பிட்டு, இப்போதுதான் கொஞ்சம் நிழலில் உட்காருகிறீர்கள். பின்னேரம் நல்லூர் இருக்கிறது. ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை.

பிள்ளைகளின் சத்துணவைப் பற்றிப் பேசலாம் என்றுதான் எழுதி எடுத்து வந்தோம். அந்தத் தாள் பைக்குள்ளேயே இருக்கட்டும். காங்கேசன்துறைப் பக்கம் வரும்போது, தலவாக்கலையிலிருந்து வந்த ஓர் அக்கா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏங்க சார், தேர்தல் முடிஞ்சு டீவியில காட்டினாங்களே, பார்லிமெண்டுல எல்லாரும் எழும்பி நின்னு ஒண்ணா ஏதோ ஒப்பிச்சாங்க. அதை ஒப்பிக்காட்டி என்னா ஆகும்? ஓட்டுப் போட்டு அனுப்பினது நாமதானே?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாழ்ப்பாணத்தைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் இல்லை. அதனால் இன்றைக்கு அதையே பேசுவோம்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறோம். தேர்தலில் வென்றதும் ஒருவர் அங்கத்தவராகத் தெரிவாகிவிட்டார் என்பது உண்மை. வர்த்தமானியிலும் பேர் வந்துவிடும். ஆனால் நமது அரசியலமைப்பின் 63ஆம் உறுப்புரை என்ன சொல்கிறது என்றால், சபையில் சத்தியப்பிரமாணமோ உறுதியுரையோ செய்து ஒப்பமிடும் வரைக்கும் அவர் சபையில் உட்காரவும் முடியாது, வாக்களிக்கவும் முடியாது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அது சபாநாயகரைத் தெரிவு செய்வது. சபாநாயகர் வந்த பிறகுதான் மற்றவர்கள் சத்தியம் செய்வார்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர் சத்தியம் என்று சொல்லுவார். மற்றவர் உறுதி கூறுகிறேன் என்று சொல்லுவார். தமிழிலேயே சொல்லலாம், அதற்கு உரிமை இருக்கிறது. வாசகம் இரண்டு வரிதான். அரசியலமைப்பை நிலைநிறுத்திக் காப்பேன் என்பது அதன் சாரம். இரண்டு நிமிசம் கூடப் பிடிக்காது.

இதை நம் தோட்டத்துப் பாசையில் சொன்னால் உடனே விளங்கும். காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகிறோம். கூடை முதுகில், படங்கு இடுப்பில். எல்லாம் சரி. ஆனால் செக்ரோலில் பேர் விழவில்லை என்றால்? மலைக்கு ஏறிக் கொழுந்து எடுத்தாலும் அன்றைக்குப் பேர் இல்லை. சம்பள நாளில் போய் நின்று "நான் வந்தேன் ஐயா" என்றால் யார் கேட்பது? பாராளுமன்றத்திலும் அதுதான் கதை. தேர்தல் என்பது பிரட்டுக்கு வந்து நிற்பது. சத்தியப்பிரமாணம் என்பது பேர் விழுவது. அதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியாது. சபையின் அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராதிருந்தால் 66ஆம் உறுப்புரைப்படி ஆசனம் போய்விடும். பேர் வெட்டுவது என்கிறோமே, அதே சங்கதி.

இனி, பேர் விழாமல் போன கதைக்கு வருவோம். முதலில் நம்முடைய கதை.

1947இல் நடந்த பொதுத் தேர்தலில் மலைநாட்டிலிருந்து இந்திய வம்சாவளித் தமிழர் ஏழு பேர் வென்றார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான். அந்த அக்காவின் ஊரான தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, அவர் கவிஞரும்கூட. ஏழு பேரும் கொழும்புக்குப் போய்ச் சத்தியம் செய்து உட்கார்ந்தார்கள். சொந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததுபோல நமது முன்னோர் சந்தோசப்பட்டிருப்பார்கள். அடுத்த வருசமே, அதாவது 1948இல், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிரசை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றானது. 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பில் நமது ஆட்களின் பேர் இல்லை. நம் பக்கத்திலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை.

இதில் வயிறெரிகிற சங்கதி ஒன்று உண்டு. 1952இல் இருந்த தொகுதிகள் ஆள் தொகையைக் கொண்டு பிரித்தவை. அந்தத் தொகையில் தோட்டத்து ஆட்களையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்கள். தலையை எண்ணும்போது நாம் உண்டு, வாக்குப் போடும்போது இல்லை. கொழுந்து நிறுக்கும்போது நம் கூடையையும் சேர்த்து நிறுத்துவிட்டு, பேரை மட்டும் பக்கத்து ஆளுக்குப் போட்டதுபோல. இதற்குப் பிறகு தொண்டமான் நியமன அங்கத்தவராக உள்ளே போயிருந்தார் என்றாலும், தோட்ட மக்களின் வாக்கில் தெரிவாகி மறுபடி சத்தியம் செய்தது 1977இல்தான். நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. அதில் மூன்றாவதாக வந்தார். 1947க்கும் 1977க்கும் இடையில் முப்பது வருசம். எண்ணிப் பாருங்கள்.

"இதெல்லாம் நம்ம கதை, யாழ்ப்பாணம் எங்க வந்துச்சு?" என்று கேட்பீர்கள்.

காங்கேசன்துறையைத் தாண்டி வந்தோம் அல்லவா? 1947இல் அந்தத் தொகுதியில் வென்றவர் சா.ஜே.வே. செல்வநாயகம். மலைநாட்டு மக்களின் பிரசாவுரிமையைப் பறிக்கிற சட்டத்தை அவர் எதிர்த்தார். இன்றைக்கு அவர்கள், நாளைக்கு நாங்கள் என்பது அவருடைய எண்ணம். அதன் பேரில் தன்னுடைய கட்சியின் தலைமையோடேயே முரண்பட்டார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆனால் 1952 தேர்தலில் அதே காங்கேசன்துறையில் அவர் தோற்றுப் போனார். யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லாரும் நமக்காக எழும்பி நின்றார்கள் என்று நாங்கள் பொய் சொல்லப் போவதில்லை. நின்றவரும் உண்டு, நிற்காதவரும் உண்டு. நமது ஆட்களைத் தாழ்வாகப் பார்த்தவர்களும் இந்த ஊரில் இருந்தார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

செல்வநாயகம் பிறகு வென்று பல தடவை அங்கத்தவராக இருந்தார். 1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. தமிழர் கேட்ட எதுவும் அதில் இல்லை என்று சொல்லி, அந்த வருசம் ஒக்டோபரில் தன்னுடைய ஆசனத்தைத் தானே விட்டெறிந்தார். இடைத்தேர்தல் வையுங்கள், என் சனம் என்ன சொல்லுகிறது என்று பாருங்கள் என்றார். உடனே வைத்தார்களா? இரண்டு வருசத்துக்கு மேல் இழுத்து 1975 பெப்ரவரியில்தான் வைத்தார்கள். 16,000 வாக்குக்கு மேல் அதிகப்படியாக வென்றார். ஆனால் அந்த இரண்டு வருசமும் காங்கேசன்துறைக்கு அங்கத்தவர் இல்லை. ரோட்டுக்கும் கிணற்றுக்கும் சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளியின் முறைப்பாட்டுக்கும் சபையில் கேள்வி கேட்க ஆள் இல்லை.

அடுத்தது பெரிய கதை. 1976 மேயில் வட்டுக்கோட்டைத் தொகுதியில் கூடிய தமிழர் விடுதலைக் கூட்டணி மாநாட்டில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. தோட்டத் தொழிலாளருக்கு அது ஒத்துவராது என்று சொல்லி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதில் சேராமல் விலகி நின்றது. 1977 தேர்தலில் கூட்டணி அந்தத் தீர்மானத்தை முன்வைத்தே வாக்குக் கேட்டது. வடக்கின் 14 தொகுதிகளையும் வென்றது, கிழக்கில் நான்கு, ஆக 18. தென்னிலங்கையில் சுதந்திரக் கட்சி எட்டு ஆசனத்தோடு விழுந்துவிட்டதால் காங்கேசன்துறை அங்கத்தவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அந்த வருசம் அவரும் சத்தியம் செய்தார், தொண்டமானும் செய்தார். இருவரும் ஒரே கூரைக்குக் கீழே.

1983 ஜூலையை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. லயத்தில் பதுங்கியவர்களும், காட்டில் ஒளிந்தவர்களும், வன்னிக்கு ஓடியவர்களும் இங்கே இருப்பீர்கள், அல்லது உங்கள் அப்பா அம்மா இருந்திருப்பார்கள். அந்த நெருப்பு அணைந்து இரண்டு கிழமை ஆகுமுன்னே, 1983 ஆகஸ்டில், அரசியலமைப்புக்கு ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கவோ வளர்க்கவோ மாட்டேன் என்று இன்னொரு சத்தியமும் செய்ய வேண்டும். பாராளுமன்ற அங்கத்தவர் மட்டுமில்லை, அரசாங்க உத்தியோகத்தர், சட்டத்தரணிகள்கூடச் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். நமது தோட்டத்தில் ஒரு சாமான் காணாமல் போய்விட்டது என்றால் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் கொளுத்திச் சத்தியம் கேட்பார்கள். களவெடுக்காதவன்கூட அந்தச் சூடத்தை அணைக்கக் கை நடுங்குவான். சத்தியம் என்றால் அவ்வளவு பயம். கூட்டணிக்காரர்கள் 1977இல் சனத்திடம் ஒன்றைச் சொல்லி வாக்கு வாங்கினார்கள். 1983இல் அதை இல்லை என்று சொல்லிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தால் வாக்குப் போட்ட சனத்துக்குப் பொய். செய்யாவிட்டால் ஆசனம் போகும். அவர்கள் செய்யவில்லை, சபைக்கும் போகவில்லை. அந்த வருசம் முடியுமுன்னே ஆசனங்கள் போயின.

அவர்கள் செய்தது பிழை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம், அதில் தப்பில்லை. 1983 முடிவிலிருந்து 1989 பெப்ரவரித் தேர்தல் வரைக்கும், ஐந்து வருசத்துக்கு மேலாக, யாழ்ப்பாணத்து மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த ஒரு ஆள் பாராளுமன்றத்தில் இல்லை. எந்த ஐந்து வருசம்? குண்டு விழுந்த வருசங்கள். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன வருசங்கள். 1987 நவம்பரில் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறியது. மாகாண சபை வந்ததும், தமிழும் அரசகரும மொழி என்று எழுதியதும் அதில்தான். வடக்குக்காகவே கொண்டு வந்த சட்டம் என்றார்கள். அது விவாதிக்கப்பட்ட நாளில், இது போதும் என்றோ போதாது என்றோ எழும்பிச் சொல்ல யாழ்ப்பாணத்து அங்கத்தவர் ஒருவரும் சபையில் இல்லை.

அதே காலத்தில் நமக்கு என்ன நடந்தது? 1986 ஜனவரியில் தோட்டமெல்லாம் பிரார்த்தனைப் போராட்டம் நடந்ததே, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்தார்கள். அந்த வருசமே நாடற்றவருக்குப் பிரசாவுரிமை கொடுக்கிற சட்டம் வந்தது. 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம், பிறகு மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். தோட்டத்தில் சனம் உட்கார்ந்தது ஒரு பக்கம், சபைக்குள் பேர் விழுந்த ஆள் ஒருவர் அமைச்சராக உட்கார்ந்திருந்தது மறு பக்கம். உள்ளே ஆள் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கிடைக்கிறதாக இருந்தால் லயம் எல்லாம் எப்போதோ வீடாகியிருக்கும். இருந்தாலும் ஆள் இல்லாத கதிரையிடம் கேட்கக்கூட முடியாதே.

1994இல் இன்னொரு கூத்து நடந்தது. அப்போது குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் பிடியில். தேர்தல் அறிவித்தார்கள், சனத்தால் வாக்குப் போட முடியவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் பத்து ஆசனம். அதில் ஒன்பதை ஈ.பி.டி.பி. எடுத்தது. மொத்தம் எத்தனை வாக்கில்? 10,744 வாக்கில். ஒன்பது பேரும் முறைப்படி சத்தியம் செய்து உட்கார்ந்தார்கள். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. 1983இல் வாக்கு இருந்தது, சத்தியம் இல்லை. 1994இல் சத்தியம் இருந்தது, வாக்கு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ஆறாவது திருத்தச் சத்தியம் எடுபடவில்லை. அதன் பிறகு வந்த அங்கத்தவர்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள் உட்பட, அதையும் சேர்த்தே செய்தார்கள். இதில் ஒரு சின்ன வெளிச்சம் 2017 ஆகஸ்டில் வந்தது. தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்கிறது, அதனால் அது பிரிவினைக் கட்சி என்று ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பது ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சத்தியம் செய்துவிட்டும் எதைக் கேட்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு தெரிந்தது.

இனிக் கிட்டடிக்கு வருவோம். டீவியில் பார்த்தது 2024 நவம்பர் 21ஆம் திகதி. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். தேசிய மக்கள் சக்திக்கு மூன்று கிடைத்தது. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி இங்கே முதலிடத்துக்கு வந்தது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. தமிழரசுக் கட்சியில் சி. சிறீதரன், தமிழ்க் காங்கிரஸில் கஜேந்திரகுமார் பொன்னம்பலம், சுயேச்சையாக வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா. அன்றைக்கு அர்ச்சுனா எதிர்க்கட்சித் தலைவரின் கதிரையில் போய் உட்கார்ந்து எழும்ப மாட்டேன் என்றதைத்தான் ஊரெல்லாம் பேசியது. முதல் நாளில் யாருக்கும் கதிரை ஒதுக்குவதில்லை என்பது உண்மை. ஆனாலும் எங்களுக்கு ஒரு வருத்தம். கதிரைச் சண்டையைப் பார்த்த சனம், அதே நாளில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் எழும்பி நின்று சத்தியம் செய்ததைக் கவனிக்கவில்லை. மலையகத்துப் பெண்கள் வாக்கில் வென்று அங்கே நின்றார்கள். கொழுந்தெடுக்கிறவர்களில் முக்கால்வாசி பெண்கள் என்று சொல்லுகிறோம், அந்தப் பெண்கள் எத்தனை பேர் அதைத் தேடிப் பார்த்தீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், சும்மா கேட்கிறோம்.

இப்போது ஆறு என்றோமே, அந்த ஆறைக் கொஞ்சம் பாருங்கள். 1989இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 11 ஆசனம். 2010இல் ஒன்பது. 2015இல் ஏழு. 2024இல் ஆறு. யார் பறித்தார்கள்? ஒருவரும் வந்து கையால் பறிக்கவில்லை. பாராளுமன்றத்தில் 225 ஆசனம். 29 தேசியப் பட்டியல். 36 மாகாணத்துக்கு நாலு வீதம். மிச்சம் 160ம் ஒவ்வொரு மாவட்டத்து இடாப்பிலும் பதிந்திருக்கிற வாக்காளர் தொகையைப் பார்த்துப் பிரிகிறது. சண்டையில் செத்தவர், கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர், இடம்பெயர்ந்து பதியாமல் விட்டவர் என்று இடாப்பில் பேர் குறையக் குறைய, கொழும்பில் சத்தியம் செய்ய எழும்புகிற ஆளும் குறைந்துகொண்டே போனார். கிளிநொச்சியும் இந்தத் தேர்தல் மாவட்டத்தோடுதான் சேர்ந்தது. அங்கே 1977க்கும் 83க்கும் பிறகு போய்க் குடியேறிய நமது சொந்தக்காரர் எத்தனை பேர்! யாழ்ப்பாணத்து ஆசனம் ஒன்று குறைந்தால் அது அவர்களுக்கும் குறைந்ததுதான்.

ஆகவே சத்தியம் செய்கிற நாளைவிட முக்கியமான நாள் ஒன்று இருக்கிறது. கிராம அலுவலர் வாக்காளர் படிவத்தைக் கொண்டு வருகிற நாள். தோட்டத்தில் என்ன நடக்கிறது? அப்பா மலையில், அம்மா மலையில், படிவம் வாசற்படியில். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், "அவன் அங்க பதிஞ்சிருப்பான்" என்று இங்கே எழுதுவதில்லை. அவன் "வீட்டுல எழுதியிருப்பாங்க" என்று அங்கே எழுதுவதில்லை. இரண்டு இடத்திலும் பேர் இல்லை. பதினெட்டு வயது நிறைந்த மகளின் பேரைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். சில தோட்டங்களில் அடையாள அட்டையே இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். இதைத் திருத்த எங்களிடம் வந்தால் படிவம் நிரப்பித் தருவோம், அதற்குக் காசு வாங்குவதில்லை. இடாப்பைப் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். ஒருவர் போய் லயத்து ஆட்கள் எல்லாருடைய பேரையும் பார்த்துவிட்டு வரலாம், எல்லாரும் வேலை கெட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. சத்தியம் செய்து உட்கார்ந்த அங்கத்தவர் என்ன பேசினார் என்பது ஹன்சாட் என்ற அறிக்கையில் சொல்லுக்குச் சொல் அச்சாகிறது. தமிழில் பேசினால் தமிழிலேயே அச்சாகும். வாசிகசாலையில் இருந்தால் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நம் சம்பளத்தைப் பற்றி, காணியைப் பற்றி எத்தனை தடவை வாய் திறந்தார் என்று கணக்கு வைக்கலாம். கணக்கப்பிள்ளை நம்மைக் கணக்கு வைக்கிறாரே, நாமும் ஒரு கணக்கு வைத்தால் என்ன?

பேச வரும் முன்னே அந்த அக்காவிடம் இதில் கொஞ்சம் சொன்னோம். கேட்டுவிட்டு, "அப்ப 52ல எங்க தாத்தாவுக்குப் பேர் விழலியா?" என்றார். இல்லை என்றோம். "பாட்டிக்கு?" அவருக்கும் இல்லை. கொஞ்ச நேரம் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். சின்னவள் பேரை இந்தத் தடவை எழுதினீங்களா என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை.

சரி, சாப்பாடு வந்துவிட்டது. பிள்ளைகளை முதலில் உட்கார வையுங்கள். நல்லூருக்குப் போகிற வழியில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் தந்தை செல்வாவின் தூபி இருக்கிறது, பஸ்ஸைப் பத்து நிமிசம் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். கேள்வி இருக்கிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.